காயப்போட்ட எலுமிச்சை

தென்காசிப் பேருந்தில் இன்று பக்கத்து இருக்கைப் பெண் நெயில் பாலிஷ் பூசிக்கொண்டு வந்தாள். அந்த நெடிக்குப் பலருக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்கு எலுமிச்சை இலை. தாவரவியல் படித்தவள் பிழைப்பு அப்படி.

குற்றாலத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை பார்த்த நாட்களில் குத்துக்கல்வலசையில் அக்கா வீட்டில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் அத்தானின் எலுமிச்சைத் தோட்டம். அருவி சீசன் முடிந்து சாரல் நின்றதும், புரட்டாசி வெயிலில் மரங்களுக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். காயப்போடுவது என்பார்கள். இலை வாடிச் சுருண்ட பிறகு தண்ணீர் விட்டால் மரம் கொத்துக்கொத்தாகப் பூக்கும். கோடைக்குக் காய் புளியங்குடிச் சந்தைக்குப் போகும்.

நான் சும்மா இருப்பேனா? இலையின் அடிப்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷைத் தடவி, காய்ந்ததும் உரித்துக் கொண்டுபோய், கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். இலைத் துளைகளெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும். மண் காய்ந்தால் வேர் இலைக்குச் செய்தி அனுப்பும், இலை துளையை மூடி இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றும் என்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு வகுப்பே எடுத்தேன். அத்தான் கொட்டாவி விட்டார்.

பாவம், அவர் கவலை அவருக்கு. முந்தின வருஷம் பூ சரியில்லை. "இந்தத் தடவையும் பூக்கலன்னா பிளாட்டுக்காரன்ட்ட குடுத்துருவேன்" என்று சொல்லியிருந்தார். கன்று நட்ட நாளிலிருந்து அந்த மரங்களை வளர்த்தது அக்கா. அவளுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

அப்படிப்பட்டவள் செய்த வேலையைக் கேளுங்கள். அத்தான் வெளியே போனதும், அடுப்படி ஜன்னலோரத்து மரத்துக்கு மட்டும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"ஊத்துனா பூக்காதுல்லாக்கா?"

"எனக்குத் தெரியாதா ஏட்டி? நான் சோறு திங்கும்போது எம்மூஞ்சிக்கு நேரா வாடிப்போய் நிக்குது. எப்படி எறங்கும்?"

தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்தது. அக்கா ஊற்றிய மரம் மட்டும் தளிரும் இலையுமாகக் கொழுத்து நின்றது. "ஒன் செல்லப்பிள்ளையப் பாத்தியா, தின்னுட்டுச் சும்மா நிக்குதான்" என்றார் அத்தான். விற்கிற பேச்சு நின்றுபோனது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அன்று அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் வந்த வருஷங்களில் புரட்டாசியிலும் சாரல் நிற்கவில்லை. இலை வாடத் தொடங்கும்போது ஒரு தூறல் விழும். மண் நனைந்துவிடும், வேருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அருவியில் தண்ணீர் குறையவில்லை என்று ஊரே கொண்டாடியது. ஒருநாள் மத்தியானம் தூறலில், ஒரு மரம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காத என் அக்கா, வேரில் ஈரம் படக்கூடாதென்று மரத்தடியில் தார்ப்பாயை இழுத்து விரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய் மறுமுனையைப் பிடித்தார். எத்தனை மரத்துக்கு விரிக்க முடியும்? பூ வரவில்லை. தோட்டம் பிளாட்டாகிவிட்டது.

அவர்கள் இப்போது சென்னையில் மகனோடு இருக்கிறார்கள். எனக்கும் இந்தப் பேச்சு சலித்துவிட்டது. ஆனால் புரட்டாசி பிறந்தால் அக்கா போன் செய்துவிடுகிறாள். நேற்றும் செய்தாள்.

"ஏட்டி, அங்கன வெயில் அடிக்குதா?"

"தூறுதுக்கா."

சரி என்று வைத்துவிட்டாள்.