கிணற்றுச் சுவரில் பெரணி

முதுநகர் பிரிசில்லாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. கண்ணாடித் தகடுகளைக் கழுவி அடுக்குவாள், மைக்ரோஸ்கோப்புகளைத் துடைத்து உறைபோட்டு வைப்பாள். அவற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

2007 மழைக்காலத்தில் அவள் வீட்டுக் கிணற்றின் உட்சுவரில், செங்கல் இடுக்கெல்லாம் பெரணி மண்டியது. இலையைத் திருப்பினால் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். ஏதோ நோய் தண்ணீரில் கலக்கப்போகிறது என்று பயந்து, ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டுபோய் ஆசிரியை வினோதினியிடம் காட்டினாள்.

வினோதினி ஒரு புள்ளியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப் விளக்கைப் போட்டு, அவளையே பார்க்கச் சொன்னாள்.

பொன்னிறத்தில் குட்டிக்குட்டிப் பைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் புழுவைப்போல வரிவரியாய் ஒரு பட்டை. விளக்கின் சூட்டில் ஒரு பை மெல்லப் பின்னுக்கு வளைந்தது. வளைந்துகொண்டே போய், சட்டென்று முன்னுக்குச் சுண்டித் தூளை வாரி இறைத்தது. உடனே பக்கத்துப் பையும்.

"நோயில்லக்கா. இதுக்குப் பூவும் கெடையாது, வெதையும் கெடையாது. இந்தத் தூள்லேருந்துதான் மொளைக்கும். ஒலகத்துல மொதப் பூ பூக்கறதுக்குப் பல கோடி வருஷம் முன்னாடியே இந்த வம்சம் இருந்துச்சு."

"அப்பத் தேனீ?"

"அதுவும் வரலக்கா."

தேனீயே இல்லாத பூமியை நினைத்துப் பார்க்க முயன்றாள் பிரிசில்லா. வீட்டில் கடைகிற ஆரைக்கீரையும் பெரணி வகைதான் என்று வினோதினி சொன்னாள்.

அன்று மாலை ஒரு கட்டு ஆரைக்கீரை வாங்கிப் போனாள். ஆய உட்கார்ந்தவள், சுருண்டிருந்த கொழுந்து ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். பசி பொறுக்காமல் மகள் ஜான்சியே உலை வைத்தாள்.

2011 கடைசியில் தானே புயல் தெரு மரங்களைச் சாய்த்துப்போட்ட பிறகு, கரண்ட் வர நாளாயிற்று. மோட்டார் ஓடாததால் அக்கம்பக்கத்தார் வாளியும் கயிறுமாக அவள் கிணற்றுக்கு வந்தார்கள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுத் தங்கம்மாள், இத்தனை செடியைச் சுரண்டாமல் ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்டாள்.

பிரிசில்லா குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பிடித்தாள்.

"பூவுக்கெல்லாம் முன்னாடி வந்ததுக்கா இது. கிட்ட வந்து பாருங்க."

தங்கம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.