கெண்டை மிதந்த கெரெ

ஜூடித் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சொல்வதற்கு ஒரே ஒரு பாவம்தான் வைத்திருப்பாள்: கோபம். அதையும் யார்மேல், எதற்காக என்று விளக்கப் போய், சாமியார் முன்னாலேயே குரல் ஏறிவிடும். மைசூர்த் தெருக்களில் மீன் கூடையோடு கன்னடத்திலும் தமிழிலும் கூவிக் கூவி வளர்ந்த தொண்டை அது. அவளுக்கு வாய்த்த புருஷன் சூசைநாதனோ ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த பரம சாது. அடித்தவனுக்குக் கை வலிக்குமே என்று கவலைப்படுகிற ஆள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் கழித்து, ஊரோரத்துக் கெரெயில் மீன் பிடிக்கும் குத்தகை சூசைநாதனுக்குக் கிடைத்தது. ஏரியைக் கெரெ என்றுதான் அங்கே எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் குடியிருந்த பேட்டைக்குக் குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

அந்தக் கோடையில் கெரெ பாதிக்குமேல் வற்றிப்போனது. பேட்டையின் பெரிய மனுஷன் ரத்தினவேல், காய்ந்த கெரெக்குள்ளேயே முளை அடித்துத் தன் எருமைகளைக் கட்டினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். சாணி மேடு மேடாகக் குவிந்தது.

"அண்ணே, மழை வந்தா இத்தனை சாணியும் தண்ணிக்குள்ளதானே போவும்?" என்று சூசைநாதன் பணிவாகத்தான் கேட்டார்.

"மீன் பிடிக்கிறவன் மீனைப் பாரு. எருமையை நான் பாத்துக்கறேன்" என்றான் ரத்தினவேல்.

மறுநாள் ஜூடித் போய் அத்தனை எருமைகளையும் அவிழ்த்து, ரத்தினவேலின் வீட்டு வாசல்வரை விரட்டிவிட்டு வந்தாள். சாயங்காலமே அவை திரும்பக் கெரெக்குள் நின்றன. ரத்தினவேல் மட்டும் அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தான்.

மழை வந்தது. சும்மா வரவில்லை, வானம் பொத்துக்கொண்டு வந்தது. கெரெக்குள் கிடந்த சாணி, மேட்டு வயல்களில் கொட்டியிருந்த எரு, தெருச் சாக்கடை எல்லாம் சேர்ந்து தண்ணீரில் கரைந்தன. கெரெ நிரம்பிவிட்டது என்று பேட்டையே குதித்தது. பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது. தின்னச் சாணியும் காய வெயிலும் கிடைத்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? மருதாணி அரைத்துக் கரைத்தது போலத் தண்ணீர் பச்சையானது. அதையும் வடிகட்டிக் குடித்தார்கள், மகராசர்கள்.

அதன்பின் வானம் மூடிக்கொண்டது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. வெயில் இருக்கும்வரை தண்ணீருக்கு மூச்சுக் கொடுத்த பாசி, வெயில் போனதும் அந்த மூச்சைத் தானே உறிஞ்ச ஆரம்பித்தது. செத்து அழுகிய பாசி மிச்சத்தையும் குடித்தது. ஒருநாள் விடியற்காலை கெண்டையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து, வயிறு தெரிய மிதந்தன.

ஜூடித்தும் சூசைநாதனும் ஓடி வருவதற்குள் பாதிப் பேட்டை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கைக்குக் கிடைத்த மீனை முந்தானையிலும் குடத்திலும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. "ஐயோ, ஒரு வருஷப் பாடு போச்சே!" என்று சூசைநாதன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காலைச் சாப்பாடு முடிந்த நேரத்துக்கு ரத்தினவேல் ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பின்னால் கூட்டம்.

"இவன்தான் சாமி! வலை வீசச் சோம்பல்பட்டுக் கெரெயில விஷம் கலந்துட்டான். ஊரே குடிக்கிற தண்ணி!"

"ஆமா, விஷம்தான்!" என்று கூட்டமும் கத்தியது. வாயிலிருந்து மீன் வாடைகூட இன்னும் போகவில்லை, அதற்குள் கத்துகிறார்கள்!

"மேல வந்து காத்துக் குடிக்கிற விரால் சாகலையே சாமி, விஷம்னா அதுவும்தானே செத்திருக்கும்? அங்க ஓடுது பாருங்க..." என்று சூசைநாதன் முனகியது யார் காதிலும் ஏறவில்லை. இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். ஜூடித்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அப்போதுதான் கூட்டத்தில் நின்ற லிங்கம்மா அலறினாள். "அய்யோ தேவ்ரே! விஷமா? என் பிள்ளைக்கு அந்த மீனை இப்பத்தானே ஊட்டிட்டு வந்தேன்!"

அடுத்த நொடி கூட்டத்தில் ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் தொண்டைக்குள் விரலை விட்டான். லிங்கம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஜூடித்தின் காலில் விழுந்தாள்.

"ஜூடித்தக்கா, விஷம் இல்லன்னு சொல்லுக்கா!"

"நான் ஏன்டி சொல்லணும்? விஷம்னு நீங்கதானே கத்தினீங்க! திருடித் தின்னப்ப இனிச்சுதா? போங்க, போய்ப் பாயை விரிச்சுப் படுத்துக் காத்துக்கிட்டு இருங்க!"

பிள்ளை வீறிட்டு அழுதது. பயம் யாரைப் பார்த்து என்று அதற்குத் தெரியவில்லை. சூசைநாதனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "லிங்கம்மா, குழம்புச் சட்டியை எடுத்துட்டு வாம்மா" என்றார்.

"நீங்க சும்மா இருங்க!" என்று ஜூடித் சீறினாள். அவர் கேட்கவில்லை. சட்டி வந்ததும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முள் விடாமல் நிதானமாகச் சாப்பிட்டார். இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். விஷம் வைத்தவன் இப்படிச் சாப்பிடுவானா? விலங்கு திரும்ப இடுப்புக்குப் போனது. "வேலையத்த பசங்க!" என்று கன்னடத்தில் ரத்தினவேலைத் திட்டிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார்.

கூட்டம் நைசாக நழுவப் பார்த்தது. ஜூடித் வழியை மறித்து நின்றாள்.

"அவரு மன்னிச்சுட்டாரு. நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன். இன்னும் அத்தனை மீன் தண்ணில அழுகிக்கிட்டு இருக்கு. தின்னவன் அத்தனை பேரும் இறங்கி அள்ளுங்க! யோவ் ரத்தினவேலு, நீயும்தான். உங்க வீட்டுக் கொல்லையில செதில் கிடந்ததை நான் பார்த்தேன்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரத்தினவேலும் இறங்கினான்.

மத்தியானம்வரை அள்ளினார்கள். கூடைகள் நிறைந்ததும் நாலு பேர் மண்வெட்டியோடு, கெரெக்கு மேற்கே வயலோர மேட்டில் குழி வெட்டத் தொடங்கினார்கள். வயல் எரு மழையில் கரைந்து கெரெக்குள் இறங்கியதும் அந்த மேட்டிலிருந்துதான்.

ஜூடித் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவிகளா! மேட்டுல புதைச்சா அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப இதுக்குள்ளதானேடா வரும்! தூக்குங்கடா கூடையை! கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்துக்குப் போங்க!"