சாமி மேடைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி

லுக்குட் ஊருக்குப் பக்கத்தில் புதுத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியதும் நான் பார்த்த முதல் வேலை, கூடத்துக் கிழக்குச் சுவரில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டியை மறைத்ததுதான். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அது என்ன பெட்டி என்று யாரையும் கேட்கவில்லை. கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான். சாமி மேடையை அதன்மேலேயே வைத்துத் திருகிவிடச் சொன்னேன். கணவரும் அப்படியே செய்தார். புதுமனை புகுவிழாவுக்கு வந்த, நான் வளர்ந்த தோட்டத்துக் கோயில் பூசாரி ஐயா, ஒரு மண்டலம் விளக்கேற்றுங்கள், நாற்பத்தெட்டு நாளும் மேடையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாள், ஒரு சனிக்கிழமை, இணைய லைன் போட வந்தவர் அந்தப் பெட்டியைத்தான் தேடினார்.

எனக்குக் கோலாலம்பூரில் வேலை. வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வது. வார நாளெல்லாம் அங்கே வாடகை அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை வந்து, திங்கள் விடியற்காலையில் மகள் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன். அவள் ஒன்றாம் வகுப்பு. பல மாதம் கெஞ்சியபிறகு அலுவலகம் இறங்கி வந்தது. திங்கட்கிழமைக்குள் வீட்டில் நல்ல லைன் இருந்தால் இனி வீட்டிலிருந்தே வேலை, இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

வந்தவர் ஐம்பதைத் தாண்டிய மலாய்க்காரர். வாசல் சுவரிலிருந்து விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தவர், முருகன் படத்தின் முன்னால் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காக், வயர் இந்தச் சுவருக்குள்ளதான் வருது. பெட்டி இதுக்குப் பின்னால இருக்கு," என்றார் மலாயில், என்னை அக்கா முறை வைத்து. "இதை நான் தொடமாட்டேன். நீங்க எடுத்துக் கொடுத்தா இப்பவே போட்டுடுவேன். இல்லேன்னா மறுபடி வர தேதி கிடைக்க ரெண்டு வாரம் ஆகும்."

கணவர் என்னைப் பார்த்தார். "அசைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாருலா. இன்னும் பதினேழு நாள்தானே?"

"அப்ப காலம் பூரா உங்க மகளுக்கு நீங்களே சடை பின்னிக்கிட்டு இருங்க," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, கோபம் மட்டும் அவர்மேல்.

பூசாரி ஐயாவைக் கூப்பிட்டேன். தம்பின் ஊரில் ஒரு விசேஷத்தில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம். பெட்டியை மறைத்த என் புத்திசாலித்தனத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்தார்.

"ஏம்மா, நம்ம தோட்டத்துக் கோயிலுக்குத் திருப்பணி நடந்தப்ப சாமிய எங்க வெச்சுக் கும்பிட்டோம்?"

"சிங்க் தகரக் கொட்டகையில."

"கலசத்துல இறக்கித்தானே வெச்சோம்? அதே மாதிரி செய்யிலா. ஒரு செம்புல தண்ணி, மாவிலை, தேங்கா. வேல முடிஞ்சதும் மேடைய வெச்சு சாமிய திரும்பக் கூப்பிட்டுக்க. விளக்க மட்டும் ஒரு நாளும் விட்டுடாதே."

செம்பு இருந்தது, தேங்காய் இருந்தது. மாவிலைக்கு எங்கே போவது? எங்கள் தாமான் முழுக்க சிமெண்டுத் தரை. பின்வேலிக்கு அப்பால், செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில்தான் ஒரு மாமரம் நின்றது. என்ன தேடுகிறோம், எதற்கு என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட லைன்காரர், வேனிலிருந்து தன் ஏணியை இறக்கிக்கொண்டு போய், ஐந்து இலை வேண்டுமென்றதற்கு ஒரு கொப்பையே ஒடித்துக்கொண்டு வந்தார்.

"எங்க கம்போங் சூராவ், அதான் எங்க ஊர்த் தொழுகைக் கூடம், ரிப்பேர் ஆனப்ப நாங்களும் கூடாரத்துலதான் தொழுதோம், காக்."

சோற்றுச் சட்டியை நகர்த்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் கலசத்தை வைத்தேன். கொஞ்ச நேரம் இங்கே இருப்பா என்று முருகனிடம் சொல்லிக் கும்பிட்டேன். கணவர் மேடையைக் கழற்றினார். பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி ஓடியது. ஒரு மணி நேரத்தில் புது மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. லைன் வேகத்தைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். திங்கள் முதல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பதில் வந்தது. சாயந்தர விளக்குக்கு முன்னால் மேடை திரும்பச் சுவருக்குப் போய்விட்டது, இரண்டு சாண் தள்ளி.

திங்கட்கிழமை காலை மகள் எழுந்து, வழக்கம்போல் சீப்பை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். அவர் அடுப்படியில் நின்ற என்னைக் காட்டினார்.

"அம்மா, உனக்கு இன்னிக்கு லீவா?"

"இல்லம்மா. ஒம்பது மணிக்கு வேல."

"எங்க?"

மேசையைக் காட்டினேன். கணினியைப் பார்த்தாள், பச்சை விளக்கைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"நாளைக்கு?"

"நாளைக்கும் இங்கதான்."

சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டதில் வகிடு கோணலாகப் போனது. அவள் அன்று அப்படியேதான் பள்ளிக்குப் போனாள்.