அண்ணா எண்ணெய்க் கிணறுகளை நிறுத்திய நாள்

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணி கேட்டு இரண்டு மாதங்களாகின்றன. நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். அவருடைய நற்குணங்களை எழுதுவது எளிது. ஆனால் ஒரே தங்கையாக நான் சொல்லியாக வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் அவற்றை எழுத மனம் ஒப்பவில்லை.

அண்ணா கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் பிறந்தார். அப்பா கண்டி மாநகர சபையில் எழுத்து வேலை பார்த்த லிகிதர். அவர் திடீரெனக் காலமானபோது அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. மேற்படிப்பை விட்டு, வெல்டிங் பழகி, வளைகுடா நாடொன்றுக்குப் போனார். அங்கே கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடித்திருந்தார்கள். அதை எடுப்பதற்கான பெரிய இரும்பு மேடையைக் கரையிலேயே செய்து, கப்பல்களால் இழுத்துச் சென்று நடுக்கடலில் நிறுத்தினார்கள். அந்த மேடையின் கால்களுக்கு வெல்டிங் செய்தவர்களில் அண்ணாவும் ஒருவர். முதன்முதலாக எண்ணெய் வந்த அன்று தொலைபேசியில், "கறுப்பா இருக்கும்னு நெனச்சேன் தங்கச்சி, பழுப்பாத்தான் இருக்கு" என்றார். பிறகு வேலைக்கிடையே படித்து, பரீட்சைகள் எழுதி, அதே மேடையின் கட்டுப்பாட்டு அறைக்கு உயர்ந்தார்.

ஒரு மாதம் கடலில், ஒரு மாதம் வீட்டில். வீட்டிலிருக்கும் மாதத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று மூன்று தரம் பார்ப்பார். குக்கர் விசிலடித்தால் கதிரையை விட்டு எழுந்துவிடுவார். "இது குக்கருங்க, கிணறு இல்ல" என்று அண்ணி சிரிப்பார். கண்டி வாவியை ஒரு சுற்று நடந்து வருகிறேன் என்று போனால் மூன்று சுற்று முடித்துத்தான் திரும்புவார்.

அந்த நாளை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். புதிதாகத் தோண்டிய கிணறொன்றை மேடையோடு குழாயால் இணைத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் வெல்டிங் நடந்தது. அண்ணா மேலே கட்டுப்பாட்டு அறையில் இருந்தார். எரிவாயு கசிந்தால் அறிவிக்கும் கருவியொன்று கீழ்த்தளத்தில் சில நொடிகள் ஒலித்து அடங்கியது. மறுபடி ஒலித்து அடங்கியது. அது முன்பும் பலதரம் வீணாகக் கத்திய கருவி. பழுதானது, துண்டித்துவிடு என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். மூன்றாம் தரம் ஒலித்தபோது அண்ணா யாரையும் கேட்கவில்லை. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டார். எல்லாக் கிணறுகளும் மூடிக்கொண்டன. வெல்டிங் நின்றது. மேடையிலிருந்த அத்தனை பேரும் உயிர்காப்புப் படகுகளருகே ஓடிக் கூடினார்கள்.

தேடினார்கள். அன்று கடும் காற்று. கசிவு எதுவும் அகப்படவில்லை. எண்ணெய் மறுபடி ஓட இரண்டு நாட்கள் பிடித்தன. அண்ணாவை ஹெலிகொப்டரில் கரைக்கு ஏற்றி, அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு கடிதம். தகுந்த காரணமின்றி உற்பத்தியை நிறுத்தியது என் தவறு என்று கையெழுத்திட்டு அனுப்பினால் மீண்டும் வேலை. இல்லாவிட்டால் வேலை இல்லை.

அப்போது எனக்குக் கடுகண்ணாவையில் சம்பந்தம் பேசி நாளும் குறித்தாகிவிட்டது. செய்தி எப்படியோ அங்கே எட்டியது. "அண்ணன வேலையில இருந்து நிப்பாட்டிட்டாங்களாமே, என்ன தப்பு செஞ்சாரு?" என்று மாப்பிள்ளை வீட்டார் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மாவுக்கு அழுகைதான் வந்தது. அன்று பின்னேரம் அந்தக் கடிதத்தையும் ஒரு பேனாவையும் கொண்டுபோய் அண்ணாவின் முன்னால் வைத்தேன்.

"ஒரு கையெழுத்துத்தானேண்ணா. போட்டுருங்க."

"நான் போட்டுட்டா, அடுத்த தடவ அது சத்தம் போடறப்ப யாருமே நிப்பாட்ட மாட்டாங்க."

"ஒண்ணுமே கசியலன்னு அவங்களே சொல்றாங்களே!"

"கெடைக்கலன்னுதான் சொல்றாங்க."

"அப்ப என் கல்யாணம்?" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன்பின் ஏழு வாரங்கள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கொழும்புக்கு வேலை தேடிப் போவார், வருவார். தொலைபேசி அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பார். வேறு யாராவது என்றால் முகம் வாடிவிடும்.

எட்டாம் வாரம் மேடையிலிருந்து அழைப்பு வந்தது. கசிந்த வாயுவைக் கலைக்கக் காற்றே இல்லாத ஒரு காலையில் அதே கருவி ஒலித்திருக்கிறது. போய்ப் பார்த்திருக்கிறார்கள். முன்பு வெல்டிங் நடந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், ஒரு குழாய் மூட்டில் கசிவு. "கண்டுபிடிச்சிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கடிதத்தை நிர்வாகம் திரும்பப் பெற்றது. அண்ணா மேலும் பதினான்கு ஆண்டுகள் அதே மேடையில் வேலை செய்தார். என் கல்யாணத்தை அவரே முன்னின்று நடத்தினார். அந்தப் பின்னேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சென்ற வருடம் இருதய நோயோடு பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. கட்டிலருகே இருந்த கருவியின் எண்கள் ஒவ்வொன்றுக்கும் தாதியிடம் விளக்கம் கேட்டார். கடைசி வாரத்தில்தான் எனக்குத் துணிவு வந்தது.

"அண்ணா, அன்னைக்குப் பேனா கொண்டாந்து வச்சேனே... மன்னிச்சிருங்க."

"நீ உள்ள போனப்புறம் ரெண்டு தரம் அந்தப் பேனாவத் தொறந்தேன் தங்கச்சி. உங்க அண்ணிக்குக்கூட இத சொல்லல" என்றார்.

ஏன் போடவில்லை என்று கேட்டேன். "கீழ நின்னவங்க மொகம் வந்துக்கிட்டே இருந்துச்சு."

அவரைப் பார்த்துக்கொண்ட டொக்டர்களுக்கும் தாதியருக்கும், அவர் காலமானபின் மூன்று நாளும் எங்களுக்குச் சமைத்தனுப்பிய பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தினருக்கும், கேட்காமலே கூடாரம் போட்டுத் தந்த முஸ்லிம் கடைக்கார நானாவுக்கும், தோள் கொடுத்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்னுமொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இறுதிக் கிரியையன்று தோளில் பையோடு ஒருவர் வந்து நின்றார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. யார் என்று கேட்டதற்கு, "தூத்துக்குடியில இருந்து வர்றேம்மா. அன்னைக்குக் கீழ வெல்டிங்ல நின்னவன்" என்றார். அண்ணாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கூட்டத்தில் பிறகு அவரைக் காணவில்லை.

ஐயா, உங்கள் பெயரைக் கேட்க எனக்கு அப்போது புத்தி வரவில்லை. யார் மூலமாவது இம்மலர் உங்கள் கைக்கு வந்தால் ஒரு வரி எழுதுங்கள். அன்று கீழே எத்தனை பேர் நின்றீர்கள் என்று நான் அண்ணாவிடம் கேட்டதே இல்லை. எனக்கு அது தெரிய வேண்டும்.

தங்கை
அம்பிட்டிய