நான் குனிந்து பார்க்காத சிவப்புக் கோடு

முதல் உலக யுத்தம் முடிந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருக்கும். அப்போது நான் சிங்கப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலுக்கு அருகில் ஒரு வாடகை வீட்டில் மனைவியோடு குடியிருந்தேன். எங்கள் ஊர்க்காரர்களில் மோட்டார் கார் வாங்கிய இரண்டாவது ஆளோ மூன்றாவது ஆளோ நான். மூன்றாவது என்றால் என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால் இரண்டாவது என்றே வைத்துக்கொள்வோம்.

ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு மோட்டார் கம்பெனியில் வாங்கினேன். புது வண்டி இல்லை. ஒரு ரப்பர் தோட்டத் துரை தன் நாட்டுக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. இருந்தாலும் கம்பெனிக்காரர் எனக்கு நாற்காலி போட்டு, குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொடுத்து, புது வண்டி வாங்குகிறவரைப் போலத்தான் நடத்தினார். மாதம் ஒரு தடவை வண்டியை அனுப்பினால் போதும், ஒரு வருடத்துக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது எங்கள் பொறுப்பு என்றார். அச்சடித்த அட்டை ஒன்றும் தந்தார். அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு கட்டத்தில் தேதி போட்டு, முத்திரை குத்தித் தருவார்கள்.

முத்திரை என்றால் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் அலுவலகத்தில் முத்திரை விழாத காகிதம் வெறும் காகிதம். விழுந்துவிட்டால் அதை எதிர்த்து யாரும் பேச முடியாது. அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன் என்றால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் பயம். அதனால் ஒரு டிரைவர் வைத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், என் வயதுதான் இருக்கும். முன்பு குதிரை வண்டி ஓட்டிவிட்டு மோட்டாருக்கு மாறியவர். அதிகம் பேச மாட்டார். வண்டியை நிறுத்தியதும் குதிரையைத் தட்டிக்கொடுப்பது போல அதன் முன்பக்கத்தை ஒருமுறை தட்டுவார். பழக்கதோஷம்.

மூன்றாவது மாதம் கம்பெனியிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தவர், என்னிடம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். கம்பெனியில் வண்டியைக் கழுவித் துடைத்து மட்டும் அனுப்புகிறார்களாம், ஆயிலை மாற்றுவதே இல்லையாம். வேலை நடக்கும்போது டிரைவர்களை உள்ளே விடுவதில்லை, வாசலில்தான் நிற்க வேண்டும். பிறகு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, விரலில் தொட்டுக் காட்டினார். மை போலக் கறுப்பாக இருந்தது. புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும் என்றார்.

நான் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூன்று கட்டம், மூன்று முத்திரை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். ஒரு டின் ஆயில் வாங்கித் தந்தால் தானே மாற்றிவிடுவதாகவும், அரை மணி நேர வேலைதான் என்றும் சொன்னார்.

அந்த 'டின்' என்ற சொல்தான் என் மனதைக் கெடுத்தது. மாலையில் எங்கள் ஆட்கள் கூடும் வாசகசாலையில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர்கள் டின் வாங்கச் சொல்வதே வெளியே விற்கத்தான், இதுகூடத் தெரியாமலா தலைமைக் குமாஸ்தாவாக இருக்கிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தக் கேலி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த மாதம் வண்டி கம்பெனிக்குப் போவதற்கு முதல் நாள் டிரைவர் மறுபடியும் வந்தார். அன்று அவர் சொன்னது இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது.

"ஐயா, அடியில ஆயில் எறக்குற நட்டு இருக்குல்ல, அதுல செவப்புப் பெயின்ட்டால ஒரு கோடு போட்டிருக்கேன். நட்டுலயும் தொட்டியிலயும் சேத்து ஒரே கோடு. நட்டத் தொறந்தா கோடு ஒடஞ்சுபோவும். நாளைக்கு வண்டி வந்ததும் நீங்களே குனிஞ்சு பாத்துடுங்க. என் வார்த்தைய நம்ப வேணாம்."

மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது வண்டி வீட்டு வாசலில் நின்றது. பக்கத்தில் தரையில் ஒரு சாக்கை விரித்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். நான் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டும் கால்சட்டையுமாக இருந்தேன். எதிர் வீட்டுக்காரர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சொந்தத் தெருவில், என் டிரைவர் விரித்த சாக்கில், நான் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பதா? அவர் கொண்டுவந்து தந்த அட்டையில் நான்காவது முத்திரை வேறு ஈரம் காயாமல் இருக்கிறது. பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாக்கை உதறி மடித்து எடுத்துப்போனார். அதற்குப் பிறகு, வேலையை விட்டுப் போகும் நாள் வரை, அவர் என்னிடம் ஆயிலைப் பற்றிப் பேசவே இல்லை.

சில நாள் கழித்து, முன்சீட்டுக்கு அடியில் ஒரு டின் ஆயில் இருப்பதைக் கண்டேன். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? வாசகசாலையில் சொன்னது சரியாகப் போயிற்று, எங்கோ விற்பதற்குத்தான் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மாதக் கடைசியில், செலவு கூடிவிட்டது, இனி டிரைவர் வைக்க முடியாது என்று சொல்லி அவரை நிறுத்தினேன். திருட்டுப் பட்டத்தை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் காலத்தில் டிரைவரோ சமையற்காரரோ வேலையை விட்டுப் போகும்போது, முதலாளி ஆங்கிலத்தில் ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அதைக் காட்டித்தான் அடுத்த வீட்டில் வேலை கேட்க வேண்டும். அவரும் கேட்டார். நான் மேசையில் உட்கார்ந்து, என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: நிதானமாக ஓட்டுபவர், குடிப்பழக்கம் இல்லாதவர், நேரம் தவறாதவர். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காகிதத்தில் பொய் எழுத மாட்டேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஆகவே கடைசியில், எஞ்சின் ஆயில் விஷயத்தில் மட்டும் நம்பத் தகாதவர் என்றும் சேர்த்தேன்.

அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகும்போது, கார் ஷெட்டில் ஒரு டின் ஆயில் வைத்திருப்பதாகவும், இனி வண்டியை ஓட்டுகிறவர் யாரானாலும் அவரிடம் சொல்லி மாற்றச் சொல்லும்படியும் சொன்னார். பாருங்கள், அப்போதும் என் புத்தி எப்படிப் போயிற்று என்று. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் திருட்டுப் பொருளைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே கம்பெனிக்காரர் சிபாரிசு செய்த வேறொரு டிரைவரை வைத்தேன். அவர் ஆயில் என்று வாயே திறக்க மாட்டார். தங்கமான மனிதர் என்று வீட்டில் பெருமை பேசினேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பொங்கோல் கடற்கரைக்குப் புறப்பட்டோம். இருபுறமும் ரப்பர் மரங்களும் தென்னையுமாக இருந்த பாதையில் வண்டி திடீரென்று சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம் போட்டது. பிறகு ஒரே புகை. அப்படியே நின்றுவிட்டது. லாரிகளைப் பழுது பார்க்கும் சீனர் ஒருவர் கொஞ்ச தூரத்தில் கொட்டகை போட்டிருந்தார். அவரை அழைத்து வந்தோம்.

அவர் வண்டிக்கு அடியில் போய் வெகுநேரம் கழித்து, "துவான், சினி தெங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார். இங்கே வந்து பாருங்கள் என்று மலாயில் சொல்கிறார். அன்றும் வெள்ளை உடைதான். ஆனாலும் புழுதியில் படுத்தேன். அவர் துணியால் சேற்றைத் துடைத்த இடத்தில், நட்டையும் தொட்டியையும் இணைத்து ஒரு சிவப்புக் கோடு. எங்கும் உடையாமல், நேராக இருந்தது.

அவர் நட்டைத் திறந்தார். ஆயில் ஒழுகவில்லை, தார் போலக் கட்டிகட்டியாக விழுந்தது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். ஏழு முத்திரை விழுந்த அட்டை என் பையில்தான் இருந்தது. வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

வாடகை வண்டி பிடித்துத் திரும்பி வரும்போது என் மனைவி என் கோட்டில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அந்த மனிசன் சாக்கும் விரிச்சுவிட்டவர். நீங்கள் ஒருக்கால் குனிஞ்சு பாத்திருக்கலாம்தானே." கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். அவள் அதைச் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கம்பெனிக்குப் போய்ச் சண்டை போட்டேன். கம்பெனிக்காரர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லா முத்திரையும் சரியாக இருக்கிறதே என்றார். டிரைவர் கையில் அட்டையைக் கொடுத்தபோது நான் சொல்லாமல் சொன்னதும் அதுதானே. எஞ்சின் பிழைக்கவில்லை. வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். வண்டி போனதற்கு நான் வருந்தியது ஒரு மாதம் இருக்கும்.

அந்தக் கடிதம்தான் என்னை விடவில்லை. ஷெட்டில் அந்த டின் உடைக்காமலே இருந்தது. தன் சம்பளத்தில் வாங்கி, எனக்குத் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று அவர் வைத்திருந்தது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. அவரைத் தேட வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு பேரிடம் விசாரித்தேன், தெரியாது என்றார்கள், அதோடு விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கிடைக்காததில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. கிடைத்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு காலையில் தேக்கா சந்தை வாசலில் அவரைக் கண்டேன். வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மோட்டார் ஓட்டிய மனிதர். நன்றாக இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்து கும்பிட்டார். மோட்டார் வேலை என்னவாயிற்று என்று கேட்டேன்.

மடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து, என் கடிதத்தை வெளியே எடுத்தார். மடிப்புகள் கிழியும் நிலையில் இருந்தன. "நீங்க எழுதிக் குடுத்ததத்தான் எல்லா வீட்டுலயும் மொதல்ல காட்டுறேன், ஐயா. கவர்மென்ட்டு ஆபீஸ்காரரு எழுதுனதுல்ல. படிச்சுப் பாத்துட்டு வேணாம்னுடறாங்க. என் நேரம்."

வேறு யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்லவில்லையா என்று கேட்டேன். நீங்கள் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது மரியாதையா என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் கம்பெனி முத்திரையை நம்பியது போல அவர் என் கையெழுத்தை நம்பியிருக்கிறார். நடுச்சந்தையில் எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். காகிதம் பழசாகிவிட்டது, வீட்டுக்கு வாருங்கள், புதிதாக எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி, பழையதை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வந்தார். என் ஆயுளில் நான் எழுதிய மிக நல்ல கடிதம் அதுதான். எஞ்சின் விஷயத்தில் எந்தக் கம்பெனியையும்விட இவரை நம்பலாம் என்று எழுதியிருந்தேன். நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. "இந்தத் தடவ என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, ஐயா" என்றார்.

தமிழில் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நிமிர்ந்து, "போன தடவ எழுதுனதும் இதேதானுங்களா?" என்று கேட்டார்.

"ஓம், அதேதான்" என்றேன்.

முன்பு அந்த அட்டையைப் பார்த்தது போலவே என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்தத் தடவை கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

சிராங்கூன் ரோட்டில் ஒரு டாக்டர் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். தெருவில் டாக்டரின் காரைக் கண்டால் நான் கை தூக்குவேன். அவரும் தூக்குவார். ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இப்போது கார் என் மகனுடையது. கம்பெனியில் ஆயில் மாற்றி வந்ததும் நான் சாக்கை விரித்துப் படுத்து அடியில் பார்க்கிறேன். பில்லில் எழுதியிருக்கிறதே அப்பா என்று அவன் சிரிக்கிறான். நட்டைத் திறந்தார்களா என்று பார்க்க நான் எப்படியோ கற்றுக்கொண்டேன். ஆனால் என்னையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மனிதரிடம் 'இல்லை' என்ற ஒரு சொல்லைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை, அந்தக் கடன் என்னோடுதான் போகும்.