ஊமத்தை பட்ட கண்

வெள்ளையம்மாள் சென்ற மாசியில் இறந்தாள். சிறுநீரகம் செயலிழந்தது. ஆனால் அதற்குப் பல வருடம் முன்பே, 1997இல் ஒரு பிரதோஷத்தன்று, அவள் தன் சாவைப் பார்த்துவிட்டாள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அவளுக்குப் பூக்கடை. கடை என்றால் ஒரு சாக்கு, ஒரு கூடை. பிரதோஷ நாளில் மல்லியைவிட ஊமத்தைக்குத்தான் கிராக்கி. சிவனுக்கு அது உகந்தது. ஏரிக்கரையில் பறித்துவந்து, காம்பைக் கிள்ளி, நாரில் தொடுப்பாள். அன்று வெயில் கொளுத்தியது. வேர்வை கண்ணில் இறங்கியதும் அதே விரலால் துடைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் வெளிச்சம் கூசியது. வலது கண்ணை மூடி மூடித் திறந்தாள்.

"இன்னாக்கா, பட்டப்பகல்ல யாருக்குக் கண்ணடிக்கிறே?" என்றாள் பக்கத்தில் தேங்காய் விற்கும் பாஞ்சாலை. கிட்டே வந்தவள் சிரிப்பை நிறுத்தினாள். "யக்கா, ஒரு கண்ணுல மட்டும் பாப்பா பெருசா இருக்குது."

வெள்ளையம்மாளின் கையிலிருந்து நார் நழுவியது. கணவன் ராமதாஸ் மயங்கி விழுந்த அன்று, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னது அவளுக்கு மனப்பாடம்: ஒரு கண்ணில் பாப்பா விரிந்துவிட்டது, மூளையில் ரத்தக்கசிவு. பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார்.

மகள் மணிமொழி பார்மசி படித்துவிட்டு டவுனில் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். ஆட்டோவில் வந்து இறங்கிய தாயின் கண்ணைப் பார்த்ததும் அவள் உதடு வெளுத்தது. அந்த உதட்டைப் பார்த்து வெள்ளையம்மாள் மறுபடி ஆட்டோவில் ஏறப்போனாள்.

"உங்கப்பாவுக்கு வந்ததுதான்டி எனக்கும். வீட்டுக்கே இட்டுனு போயிடு."

ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். வாய் கோணுகிறதா என்று பல்லைக் காட்டச் சொன்னார்கள். "எதுக்கும் வேலூர் போய்த் தலையை ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார் டாக்டர். வேனுக்குச் சொல்ல ஆள் போனது. வெள்ளையம்மாள் மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். விரல்கள் பிசுபிசுத்தன. மணிமொழி குனிந்து அவற்றை முகர்ந்தாள்.

"காலையில இன்னா தொடுத்தே?"

"ஊமத்தை. பிரதோஷமாச்சே."

"அந்தக் கையால கண்ணத் துடைச்சியா?"

"துடைச்சேன். சாகப்போற நேரத்துல கேக்கற கேள்வியாடி இது?"

மணிமொழி டாக்டரிடம் ஓடினாள். அவர் பாப்பாவைச் சுருக்கும் மருந்தை இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டார். மூளை நரம்பில் கோளாறு என்றால் இரண்டும் சுருங்கும். ஊமத்தைச் சாறு என்றால் பட்ட கண் அப்படியே நிற்கும். மகள் இதைச் சொன்னபோது வெள்ளையம்மாளுக்கு ஒன்றும் ஏறவில்லை. எது நல்லது, சுருங்குவதா, நிற்பதா? திரும்பக் கேட்கவும் பயம். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இடது பாப்பா கடுகாகச் சுருங்கியது. வலது அசையவில்லை.

"சாறுதாம்மா. வேன் வேணாம்னு சொல்லிடுங்க" என்றார் டாக்டர். "அதுல அட்ரோபின்னு ஒண்ணு இருக்குது. பூச்சிமருந்து குடிச்சிட்டு வர்றவங்களுக்கு நாங்க ஊசியில போடறதும் அதான். அளவோட போட்டா உசுரக் காப்பாத்தும். ஜாஸ்தியானா ஆளையே புத்தி பேதலிக்க வெச்சிடும். உங்களுக்குத் தானா சரியாயிடும். மொதல்ல கையக் கழுவுங்க."

பஸ்ஸில் அவள் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். பாதி வழியில் திடீரென்று மகளின் தோளைப் பிடித்தாள்.

"அன்னிக்கு உங்கப்பாவும் என்கூட ஊமத்தை பறிச்சாருடி. ஆஸ்பத்திரியில பிரயோஜனமில்ல, இட்டுனு போங்கன்னாங்க. நானும் இட்டுனு வந்துட்டேன். பூவா இருந்திருக்குமோ?"

மணிமொழி அம்மா பக்கம் திரும்பினாள். அப்பா விழுந்த அன்று அவள் காலேஜ் விடுதியில் இருந்தாள்.

"அப்பா கையத் தூக்கினாரா?"

"இல்ல. ஒரு பக்கம் துவண்டு கெடந்தது."

"கூப்பிட்டா கண்ணத் தொறந்தாரா?"

"தொறக்கல."

"அப்ப பூ இல்லம்மா. கண்ணுல சாறு பட்டா அப்படி ஆவாது."

வெள்ளையம்மாள் தலையாட்டினாள். பஸ் நின்று கிளம்பியது. அவள் பிடி தளரவில்லை.

"இன்னொரு தபா கேளுடி."

மணிமொழி முதலிலிருந்து கேட்டாள்.