ஒரு தடவை ஊத்தின தண்ணி

நான் செத்து அறுபது வருஷம் ஆச்சு. போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமைதான் எனக்கே தெரிஞ்சது!

சிரிக்காதீங்க. எங்க சொந்த ஊர் பங்குக் கோயிலுக்கு ஆண்டு விழா மலர் போடறாங்க. புதுச்சேரியிலிருந்து டவுன் பஸ்ல அரை மணி நேரம், சுத்தியும் வயல், நடுவுல கோயில். “பத்திரிகையில எழுதறீங்களே... கோயில் வரலாறையும் நீங்களே எழுதிக் குடுங்கம்மா” என்றார் பங்குச் சாமியார். என் வாய் சும்மா இருக்குமா? சரின்னுட்டேன்.

பழைய ரெஜிஸ்டரெல்லாம் பிரெஞ்சுல இருக்கு. கரையான் போனாப் போகுதுன்னு விட்டுவெச்ச பக்கங்களை சாமியார் படிக்க, நான் குறிப்பெடுத்தேன். எப்போ கூரை எரிஞ்சது, எப்போ மணி வந்தது... அப்புறம் செத்தவங்களைப் புதைச்ச கணக்கு எழுதற அடக்கப் புத்தகம். அதுல என் பேரு! பிலோமினா. அப்பா பேரு, அம்மா பேரு, எல்லாம் சரி. வயசு — பதினோரு மாசம்.

“உங்க அக்காவா இருக்கும். செத்த பிள்ளை பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிறது வழக்கம்தானே?” என்றார் சாமியார்.

அக்காவா? எனக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது. அடுத்து என் ஞானஸ்நானப் பதிவைத் தேடினோம். அவளோடது இருக்கு. என்னோடது... இல்லவே இல்ல.

அப்போ சின்ன வயசுல எனக்கு முதல் நற்கருணை, அதான் புதுநன்மை, குடுத்தாங்களே, அதே கோயில்ல கல்யாணம் நடந்துச்சே? எல்லாம் அவ பதிவை வெச்சுத்தான். என் பொறந்த தேதிக்கும் அதுக்கும் ரெண்டு வருஷம் இடிக்குது. நம்ம ஊர்ல யாருக்குத்தான் இடிக்கல?

“கவலைப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திடலாம்” என்றார்.

புதுச்சேரியில எங்க கருவடிக்குப்பம் வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு எண்பத்தி மூணு வயசு. முருங்கைக்கீரை ஆஞ்சிக்கிட்டிருந்தாங்க.

“ஏம்மா, எனக்கு ஏன் ஞானஸ்நானம் குடுக்கல?”

“குடுத்தாச்சே.”

“அது அக்காவுக்கு.”

“எந்த அக்கா? நீதான் போன, நீதான் திரும்பி வந்த. காதுக்குப் பின்னாடி அதே மச்சம். ஞானஸ்நானம் ஒருதடவைதான்னு சாமியார் சொல்வாரே, அதான் உன்னை மறுபடி தூக்கிக்கிட்டுப் போவல.”

எனக்கு அப்பத்தான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. கல்லறைத் திருநாள் அன்னிக்குப் பேரில்லாத ஒரு சின்ன மேட்டுல அம்மா வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்துவாங்க. நான் கிட்டப் போனா மட்டும் வெடுக்குன்னு கையைப் பிடிச்சு இழுப்பாங்க. ஏன்னு கேட்டதே இல்ல.

“ஞாயித்துக்கிழமை சாமியார் ஊத்தறேங்கறாரும்மா.”

கீரை ஆஞ்ச கை நின்னுபோச்சு.

“வேணாம் பிலோ. மறுபடி ஊத்தினா நீ வேற புள்ளன்னு ஆயிடும். அப்போ என் புள்ள செத்தது செத்ததுதான்னு ஆயிடுமேடி...” அறுபது வருஷமா அழாத அழுகையை அன்னிக்கு அழுதாங்க. எனக்கும் தாங்கல.

ஞாயித்துக்கிழமை நான் போகல. அம்மாவுக்காகத்தான்னு சாமியாருக்கு போன்ல சொன்னேன். அவரும் புரிஞ்சுக்கிட்டார். ஆனா, பேசும்போதே என் விரல் காதுக்குப் பின்னாடி மச்சத்தைத் தடவிக்கிட்டிருந்தது.

இப்பல்லாம் அம்மா “பிலோ”ன்னு கூப்பிட்டா நான் உடனே பதில் சொல்றதில்ல. ஒரு நிமிஷம் பொறுத்துப் பாக்கறேன்... எனக்கு முன்னாடி வேற யாராவது “என்னம்மா”ங்கறாங்களான்னு!